தோட்டத்து ஆடும் பண்ணை ஆடும்

மலாயா ரப்பர்த் தோட்டங்களின் வரலாறு பெரும்பாலும் மரத்தின் வரலாறாகவும் விலையின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. பால்மரம் வெட்டிய மனிதனுக்கே அவ்வரலாற்றில் ஓர் ஓரம்தான் கிடைத்தது. அவனுடைய லயத்தின் பின்புறம் கட்டியிருந்த ஆட்டுக்கு அந்த ஓரமும் கிடைக்கவில்லை. ஆயினும், ஓர் ஆடு வளர்வதற்கும் வளராமற் போவதற்கும் உரிய காரணங்களை ஆராயப் புகுந்தால், அவ்வாராய்ச்சி விலங்கியலோடு நின்றுவிடுவதில்லை. அது நிலத்தின் உரிமையையும், உழைப்பின் நேரத்தையும், மழையின் அளவையும், அரசின் திட்டத்தையும் தொட்டுச் செல்லக் காணலாம். சிறிய பொருளொன்று பெரிய வரலாற்றைக் காட்டும் பலகணியாவதும் உண்டு.

ஆட்டின் வளர்ச்சி என்பது உண்மையில் ஒரு மிச்சக் கணக்கு. ஆடு உண்ணும் உணவின் முதற்பகுதி அதன் உயிரைக் காக்கச் செலவாகிறது. அடுத்த பகுதி நடப்பதற்கும், வெப்பத்தைத் தாங்குவதற்கும், நோயை எதிர்ப்பதற்கும் செலவாகிறது. இவையெல்லாம் போக எஞ்சுவதே எலும்பாகவும் தசையாகவும் மாறுகிறது. செலவு மிகுந்தால் மிச்சம் குறையும். மிச்சம் குறைந்தால் எந்த உயர்ந்த இனமும் குட்டையாகவே நின்றுவிடும். இந்த எளிய கணக்கை மறந்தபோதெல்லாம் ஆடு வளர்த்தோர் இழப்புக்கு ஆளாயினர். நினைவிற் கொண்டபோதெல்லாம் ஓரளவேனும் பயன் கண்டனர். மலேசிய நாட்டின் ஆடு வளர்ப்பு வரலாறு இதனைத் தெளிவுறக் காட்டுகிறது.

வறண்ட மண்ணிலிருந்து ஈர மண்ணிற்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கங்காணிகள் வழியாக மலாயாவுக்கு வந்த தமிழர்களுள் பெரும்பாலோர் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரின் குடிப்பெயர்வைத் தடை செய்யும் வரை இவ்வருகை ஏறியும் இறங்கியும் தொடர்ந்தது. வந்தவர்களுள் பலர் ஆட்டோடும் மாட்டோடும் வளர்ந்தவர்கள். ஆட்டை அறிவதற்கு அவர்களுக்குப் பள்ளிக்கூடம் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அவர்கள் அறிந்த ஆடு வறண்ட நிலத்து ஆடு. திருச்சி வட்டாரத்தில் ஆண்டு மழையின் சராசரி அளவு ஆயிரம் மில்லிமீட்டரை எட்டுவதில்லை. தீபகற்ப மலேசியாவிலோ பெரும்பாலான இடங்களில் அது இரண்டாயிரம் மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. அங்கே ஆட்டின் பகை பசி. இங்கே ஆட்டின் பகை ஈரம். அங்கே புல்லைத் தேடி ஆடு நடக்க வேண்டும். இங்கே புல் ஆட்டின் காலடியிலேயே கிடக்கிறது. அப்புல்லின் நுனியிலேயே நோயும் இருக்கிறது. இம்மாறுதலை வந்தவர்கள் நூலால் அறியவில்லை. குட்டிகளின் சாவால் அறிந்துகொண்டிருக்க வேண்டும்.

தோட்டத்தில் ஆடு வளர்ப்பதற்கு நிலம் வேண்டும். போருக்கு முற்பட்ட மலாயாத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்குப் பயிரிடவோ கால்நடை மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்குமாறு தோட்ட நிர்வாகத்தைப் பணித்தது. பதினாறில் ஒரு பங்கு என்பது ஏறத்தாழ 250 சதுர மீட்டர். ஆட்டு மந்தைக்கு அது போதாது. எனவே, ஆடு உண்மையில் மேய்ந்தது மரங்களுக்கு இடையில் முளைத்த களையையும் மூடுபயிரையும்தான். நிர்வாகத்தார் வெள்ளாட்டை ஐயத்தோடு நோக்கியதற்குக் காரணம் இருந்தது. ஆடு இளங்கன்றின் குருத்தைக் கடிக்கும்; பால்மரத்தின் பட்டையையும் உரித்துத் தின்னும். பிற்காலத்தில், 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும், ரப்பர் மரங்களின் கீழ்க் கால்நடை வளர்க்கும் ஆய்வில் மலேசிய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் ஈடுபட்டபோது வெள்ளாட்டை விடுத்துச் செம்மறியைத் தேர்ந்ததற்கும் இக்குணமே முதன்மையான காரணம்.

தோட்டத்து உழைப்பின் நேரமே ஆட்டின் மேய்ச்சல் நேரத்தையும் முடிவு செய்தது. விடியுமுன் பெரட்டு, பின்னர்ப் பால்வெட்டு, அதன்பின் பால் எடுத்து நிலுவைக்குக் கொண்டு சேர்த்தல். இவை முடிய நண்பகல் ஆகிவிடும். ஆதலால் ஆட்டைக் கொட்டிலிலிருந்து அவிழ்த்து விடுவதும் பெரும்பாலும் பகலுக்குப் பிறகே. பனி உலர்ந்த பின்னரே ஆட்டை மேய விட வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் இன்று கூறுகின்றனர். அந்த அறிவுரையைத் தோட்டத்து ஆடுகளில் பல, பெரட்டு மணியின் கட்டளையால், அறியாமலேயே பின்பற்றின எனலாம். வறுமை கொடுத்த ஒரு சிறு நன்மை அது.

கொட்டில் அமைப்பிலும் ஒரு படிப்பினை உண்டு. மலாய்க் கம்பங்களில் ஆட்டுக் கொட்டிலைக் கால்கள் நட்டு உயர்த்திக் கட்டும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. தளத்தில் இடைவெளி விட்டுப் பலகை அடிப்பதால் புழுக்கையும் சிறுநீரும் கீழே விழுந்துவிடும். ஆடு ஈரத்தில் படுப்பதில்லை. வறண்ட நாட்டில் தரையில் பட்டி போட்டுப் பழகியவர்களுக்கு ஈரநாடு கற்பித்த பாடம் இது. இன்று தமிழ்நாட்டிலும் பரண்மேல் ஆடு வளர்ப்பு என்னும் பெயரில் இம்முறை பரவியுள்ளது குறிப்பிடத்தக்கது.

சிறிய உடம்பின் பொருள்

மலேசியாவின் சொந்த ஆட்டினத்திற்குக் காச்சாங் என்று பெயர். மலாய் மொழியில் இச்சொல் கடலை, பயறு முதலியவற்றைக் குறிக்கும். நன்கு வளர்ந்த பெட்டை ஆடு ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ எடையுள்ளது. பிறந்த குட்டியின் எடை இரண்டு கிலோவைக்கூட எட்டாததுண்டு. சந்தை மதிப்பை மட்டும் நோக்குவோர் இதனைக் குறைபாடு என்பர். ஆயினும் சிறிய உடம்பு சிறிய செலவுடையது. குறைந்த தீவனத்தில் தன் உயிரைக் காத்து, வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கி, ஒரே ஈற்றில் இரண்டு குட்டிகளையும் ஈனவல்ல இனம் அது. பலநூறு தலைமுறைகளாக இம்மண் தேர்ந்தெடுத்த உடம்பு அது.

எனினும் எவ்வினத்துக் குட்டிக்கும் தொடக்க வாரங்களே வாழ்வை முடிவு செய்கின்றன. ஆட்டின் வயிற்றில் ஐந்து மாதம் வளரும் கரு, தாயின் நோயெதிர்ப்பு ஆற்றலை நஞ்சுக்கொடி வழியாகப் பெறுவதில்லை. பிறந்த சில மணி நேரத்திற்குள் குடிக்கும் சீம்பாலின் வழியாகவே அதனைப் பெறுகிறது. நேரம் கடந்து புகட்டும் சீம்பாலை உணவாகக் கொள்ளலாமே தவிர, அது கவசம் ஆவதில்லை. இரட்டைக் குட்டிகளுள் வலுவுள்ளது முந்திக்கொண்டு மடியைப் பற்ற, மெலிந்தது பின்தங்குகிறது. முதல் நாளில் ஏற்படும் அப்பின்னடைவு பல மாதங்களுக்குப் பின்னரும் நிறைகோலில் தெரியும். இரண்டாம் வாரத்தில் குட்டி தழையைக் கறிக்கத் தொடங்கும். அதன் அசையிரைப்பை செயற்படும் நிலையை அடைய ஏறத்தாழ எட்டு வாரம் ஆகிறது. அதற்குள் பாலை நிறுத்திவிட்டால் குட்டியின் வயிறு பெருக்கும், உடம்பு பெருக்காது.

தாய்க்குச் சினைக்காலத்தின் இறுதி வாரங்களில் நல்ல தீவனம் கிடைத்திருந்தால் குட்டியின் பிறப்பெடையும் மிகும், பாலும் மிகும். எனவே குட்டியின் வளர்ச்சி குட்டி பிறப்பதற்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. இதனையன்றி, ஒரே கிடாவைப் பல ஆண்டு மந்தையில் வைத்திருத்தலும் வளர்ச்சியைக் கெடுக்கும். தந்தை தன் மகளோடும் பேத்தியோடும் இணைவதால் குட்டிகள் தலைமுறைதோறும் சிறுத்துக்கொண்டே செல்லும். இரண்டு மூன்று ஆடுகளே வைத்திருந்த குடும்பங்கள் கிடாவை மாற்றிக்கொள்ள அண்டை வீட்டாரைச் சார்ந்திருந்தன. அவ்வகையில் லயத்தின் உறவுமுறை ஆட்டின் நலத்தையும் காத்தது.

புல்லில் ஏறும் பகை

ஈரநாட்டு ஆட்டின் மிச்சத்தை உண்ணும் முதற்பகை ஒரு புழு. ஹீமாங்கஸ் என்று அறிவியலார் அழைக்கும் அப்புழு ஆட்டின் நான்காம் இரைப்பையில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. பெண்புழுவின் உடலில் சிவந்த குடலைச் சுற்றி வெண்ணிறக் கருப்பை முறுக்கிக்கொண்டிருப்பதால், அது இருநிறக் கயிறு போலக் காட்சியளிக்கும். ஒரு பெண்புழு நாளொன்றுக்கு ஐயாயிரம் முட்டைகளுக்குமேல் இடவல்லது. முட்டைகள் புழுக்கையோடு வெளிவந்து, வெப்பமும் ஈரமும் கூடிய நிலத்தில் ஒரு வாரத்திற்குள் தொற்றும் இளம்புழுக்களாக மாறுகின்றன. அவை பனியும் மழையும் விட்டுச்சென்ற நீர்ப்படலத்தைப் பற்றிக்கொண்டு புல்லின் மேல் ஏறி ஆட்டின் வாய்க்குக் காத்திருக்கின்றன.

ஒரு புழு நாளொன்றுக்கு உறிஞ்சும் இரத்தம் ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர். இது ஒன்றுமில்லாத அளவே. ஆனால் ஆயிரம் புழுக்கள் கூடினால் அது நாளொன்றுக்கு 50 மில்லிலிட்டர் ஆகிறது. பதினைந்து கிலோ எடையுள்ள குட்டியின் உடம்பில் உள்ள மொத்த இரத்தம் ஏறத்தாழ ஒரு லிட்டர். அதில் இருபதில் ஒரு பங்கை நாள்தோறும் இழக்கும் குட்டி, எவ்வளவு தீவனம் தின்றாலும் இழந்த இரத்தத்தை ஈடுசெய்யவே அதனைச் செலவிடும். கண்ணிமையின் உட்புறம் வெளுத்து, தாடையின் கீழ் நீர் கோத்து வீங்கிய பின்னரே பலரும் நோயை உணர்கின்றனர். அதற்குள் வளர்ச்சிக்குரிய மாதங்கள் கழிந்துவிடுகின்றன.

1961ஆம் ஆண்டில் தயாபெண்டசோல் என்னும் புழுநீக்க மருந்து வந்தபோது இத்துன்பம் தீர்ந்தது என்று உலகெங்கும் நம்பினர். மூன்றே ஆண்டுகளில், 1964இல், அம்மருந்துக்கு அடங்காத புழுக்கள் அமெரிக்கச் செம்மறிகளில் கண்டறியப்பட்டன. 1981இல் ஐவர்மெக்டின் வந்தது; அதன் கதையும் அவ்வாறே தொடர்ந்தது. 1990களில் மலேசியப் பண்ணைகளிலும் மருந்தை வென்ற புழுக்கள் இருப்பது ஆய்வில் தெரியவந்தது. இதற்கு ஒரு காரணம் எண்ணத்தக்கது. வெள்ளாட்டின் உடல் புழு மருந்துகள் பலவற்றைச் செம்மறியைவிட விரைவில் வெளியேற்றிவிடுகிறது. செம்மறிக்கு வகுத்த அளவையே வெள்ளாட்டிற்கும் கொடுத்தபோது, புழுக்கள் சாகாமல் மருந்தோடு பழகிக்கொண்டன. ஓர் உயிரின் அளவுகோலால் மற்றோர் உயிரை அளந்த பிழை அது.

மருந்து தோற்ற இடத்தில் பழைய மேய்ச்சலறிவு புதிய வடிவில் திரும்பியது. வெப்பமண்டலத்தில் இளம்புழுக்கள் விரைந்து தோன்றுவது போலவே விரைந்து மடிகின்றன. சில வாரங்களுக்குமேல் புல்லில் உயிர் தரிப்பதில்லை. இதனை அடிப்படையாகக் கொண்டு பசிபிக் தீவுநாடான டோங்காவில் நடந்த ஆய்வொன்று 1994இல் வெளிவந்தது. மேய்ச்சல் நிலத்தைப் பத்துத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் மட்டும் ஆடுகளை மேய்த்தனர். ஆடுகள் முதல் துண்டுக்குத் திரும்புவதற்குள் ஒரு மாதம் கழிந்துவிடும்; புழுக்களில் பெரும்பாலானவை பட்டினியால் மடிந்துவிடும். மருந்தின் தேவை வெகுவாகக் குறைந்தது. நாட்காட்டியும் வேலியுமே அங்கு மருந்தாயின.

இலையும் பிண்ணாக்கும்

புழுவை வென்றாலும் உணவு குறைந்தால் பயனில்லை. ரப்பர்க் கன்று நட்ட முதல் ஆண்டுகளில் வெயில் தரையில் விழுவதால் மூடுபயிர்களும் புல்லும் செழிக்கின்றன. ஐந்தாறு ஆண்டுகளில் மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று கூடி நிழல் அடர்கிறது, புல் குறைகிறது. எனவே ஒரே தோட்டத்தில் ஒரே ஆடு, மரத்தின் வயதுக்கேற்பக் கொழுக்கவும் மெலியவும் கூடும். புல் மட்டும் தின்னும் குட்டிக்குப் புரதம் போதுவதில்லை. பயறுவகைச் செடிகளின் தழையே அக்குறையை ஈடுசெய்கிறது.

அத்தகைய தழைகளுள் தலையாயது சவுண்டல் இலை. மலாய் மொழியில் பெத்தாய் பெலாலாங் எனப்படும் இம்மரத்தின் இலை புரதம் மிக்கது. ஆயினும் அதில் மைமோசின் என்னும் நஞ்சும் உண்டு. மிகுதியாகத் தின்ற கால்நடைகள் மயிர் உதிர்ந்து, வளர்ச்சி குன்றின. ஆஸ்திரேலியாவில் இத்துன்பத்தை ஆராய்ந்த ரேமண்ட் ஜோன்ஸ் என்னும் அறிஞர் ஒரு புதிரைக் கண்டார். ஹவாய்த் தீவுகளில் ஆடுகள் அதே இலையைத் தின்றும் நலமாக இருந்தன. அவற்றின் அசையிரைப்பையில் அந்நஞ்சைச் சிதைக்கும் நுண்ணுயிர் வாழ்வதே காரணம் என்று அவர் உய்த்துணர்ந்தார். 1980களின் தொடக்கத்தில் அந்நுண்ணுயிர் ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்கு மாற்றப்பட்டது. அவையும் நஞ்சை வென்றன. 1992இல் அந்நுண்ணுயிருக்கு இட்ட பெயரில் ஜோன்ஸின் பெயரும் இடம் பெற்றது. ஒரே இலை ஓரிடத்து ஆட்டுக்கு உணவாகவும் மற்றோரிடத்து ஆட்டுக்கு நஞ்சாகவும் அமைந்த இவ்வரலாறு, வளர்ச்சிக்குரிய காரணம் எப்போதும் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதை உணர்த்துகிறது.

ரப்பர் குறைந்து செம்பனை பெருகியபோது தீவனமும் மாறியது. 1990ஐ ஒட்டிச் செம்பனையின் பரப்பு ரப்பரின் பரப்பை விஞ்சியது. செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு மலிவாகக் கிடைக்கும் கால்நடைத் தீவனமாயிற்று. அதில் செம்புச் சத்து மிகுதி. செம்மறிகள் அதனைத் தொடர்ந்து தின்று, செம்பு ஈரலில் தேங்கி மாண்டதுண்டு. வெள்ளாடு அதனை ஓரளவு தாங்கும். எனினும் பிண்ணாக்கு ஒன்றையே நம்பியவர்கள் நல்ல பயன் காணவில்லை. தழையும் புல்லும் பிண்ணாக்கும் உப்புக்கட்டியும் தூய நீரும் ஒருங்கே அமைந்தபோதுதான் குட்டி வளர்ந்தது.

பெரிய இனங்களின் வருகை

சிறிய ஆட்டைப் பெரிதாக்க எளிய வழி பெரிய கிடாவைக் கொணர்வதே என்பது நெடுநாளைய நம்பிக்கை. யமுனையாற்றை ஒட்டிய நாட்டினதாகிய ஜமுனாபாரியும், இந்திய ஆடுகளின் இரத்தம் கலந்து இங்கிலாந்தில் உருவான ஆங்கிலோ நூபியனும் மலேசியாவுக்கு வந்தன. 1980களில் மலாயாப் பல்கலைக்கழகத்தார் ஜெர்மானியப் பால் ஆட்டையும் காச்சாங்கையும் கலந்து ஜெர்மாசியா என்னும் இனத்தை உருவாக்கினர். ஜெர்மனி, மலேசியா என்னும் இரு பெயர்களும் அதில் இணைந்துள்ளன. புதிய இனத்தை இறக்கி விடுவதோடு நில்லாமல், மண்ணின் ஆட்டையும் பாதியாக ஏற்ற முயற்சி என்னும் வகையில் அது போற்றத்தக்கது.

2000ஆம் ஆண்டுக்குப் பின் போயர் ஆடு பெரும் எதிர்பார்ப்போடு வந்தது. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியில், சாமர்செட் ஈஸ்ட் என்னும் ஊரில், 1959ஆம் ஆண்டில் வளர்ப்போர் சங்கம் கூட்டி ஒழுங்குபடுத்திய இறைச்சி இனம் அது. வளர்ந்த கிடா நூறு கிலோவைத் தாண்டும். நல்ல பேணுதலில் குட்டி நாளொன்றுக்கு 200 கிராம் எடை கூடும். ஆனால் அவ்வினம் உருவானது வறண்ட புதர்க்காட்டில். ஈரநாட்டிற்கு வந்தபோது புழுவும் நுரையீரல் நோயும் புதிய தீவனமும் ஒருங்கே அதனைத் தாக்கின. பரணும் தழையும் மருத்துவமும் முறையாக அமைந்த பண்ணைகளில் அது வளர்ந்தது. இனத்தின் பெயரை மட்டும் நம்பிய இடங்களில் தளர்ந்தது. பெரிய உடம்பு பெரிய செலவுடையது. அச்செலவுக்கு வழி செய்யாமல் மிச்சத்தை எதிர்பார்த்தல் தவறு.

நிலம் போன பின்

1950களிலும் 1960களிலும் பல தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. தொழிலாளர் நிலம் இழப்பதைத் தடுக்கத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்வந்த ஆண்டுகளில் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் நெடுஞ்சாலைக்கும் தோட்டங்கள் இடம் கொடுத்தன. லயங்களிலிருந்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்த குடும்பங்கள் பாயையும் பாத்திரத்தையும் சாமிப் படத்தையும் கொண்டு சென்றன. ஆட்டைக் கொண்டு செல்ல இயலவில்லை.

அவ்வாடு அக்குடும்பத்தின் சேமிப்பு. கூலி செலவுக்குப் போதாத வீட்டில், யாருக்கும் பயன்படாத களையை உண்டு வளர்ந்து, தீபாவளிக்குக் கறியாகவும், முனீசுவரன் கோயில் நேர்த்திக்கடனாகவும், பிள்ளையின் பள்ளிச் செலவாகவும் மாறியது அது. வங்கியில் கணக்கில்லாதவர்களுக்குக் கொட்டிலில் கணக்கு இருந்தது. ஆடு போனபோது இறைச்சி மட்டும் போகவில்லை; மிச்சம் பிடிக்கும் ஒரு வழியும் போயிற்று. ஈரமண்ணில் இரண்டு மூன்று தலைமுறை கற்ற ஆட்டறிவும் அதனோடு போயிற்று. இன்று மலேசியா தனக்கு வேண்டிய ஆட்டிறைச்சியில் பெரும்பகுதியை ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்து தருவித்துக்கொள்கிறது.

பண்ணை ஆட்டின் வளர்ச்சியை ஆராயும் மாணவர் இனம், தீவனம், நோய், கொட்டில், பேணுதல் என்று காரணங்களைப் பட்டியலிடுவர். பட்டியல் சரியே. ஆனால் அவை தனித்தனியே நிற்பவையல்ல. ஒன்றின் குறை மற்றொன்றின் நிறைவை விழுங்கிவிடும். அவற்றுக்கெல்லாம் அடியில் நிற்பது கால் ஊன்றும் நிலமும், நாள்தோறும் நோக்கும் கண்ணுமே. வளராத குட்டியைக் கண்டால் அதன் இனத்தைப் பழிப்பது எளிது. அதன் மிச்சத்தை எது உண்கிறது என்று தேடுவதே அறிவு. வகுப்பில் பின்தங்கிய பிள்ளையை நோக்கும் ஆசிரியருக்கும் இவ்வுண்மை புதியதன்று.